ஹாவெலீனாவுக்கு எந்த ரைபிள்? கறி நாறுமா?

17 செப்டம்பர் 2023 (கேள்வி)

அரிசோனாவில் இருக்கும் டூசானுக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஹெச்-1பி. ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர் பிப்ரவரியில் ஹாவெலீனா (பன்றி மாதிரி இருக்கும் காட்டு விலங்கு) வேட்டைக்குக் கூப்பிடுகிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. "308 வாங்கிவிடு, பிற்பாடு மானுக்கும் ஆகும்" என்கிறார் அவர். பக்கத்து வீட்டுக்காரரோ "அந்தக் கறியை நாய்கூட மோந்து பார்க்காது" என்கிறார். எந்த ரைபிள் வாங்கலாம்? கறி உண்மையிலேயே நாறுமா? ஊரில் பன்றிக்கறி சாப்பிட்டு வளர்ந்தவன்தான், அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

17 செப்டம்பர் 2023, இரவு (பதில்)

308 வேண்டாம். 243 வாங்குங்கள் (இரண்டும் தோட்டா வகையின் பெயர், துப்பாக்கியையும் அதே பெயரில்தான் சொல்வார்கள்), 100 கிரெயின் எடைக் குண்டு போதும். கறி நாறாது. நாறினால் அறுத்தவர் மேல் தப்பு. மீதி நாளைக்கு, கண்ணைச் சொருகுகிறது.

18 செப்டம்பர் 2023

தம்பி, ஹெச்-1பி என்று நீங்கள் எழுதியதை நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை. கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்.

குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே கூட்டாட்சிக் குற்றம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் காலாவதியாகாமல் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். "நண்பனுடையதை ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானம்) கையில் வாங்கி நாலு தடவை சுட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றால் அதுவும் வைத்திருந்த கணக்குத்தான். அதனால் முதலில் லைசென்ஸ், பிறகு ரேஞ்ச், கடை எல்லாவற்றுக்கும் கடைசி. அரிசோனாவில் ஆறு மாதம் குடியிருந்தாலே உள்ளூர்வாசிக் கட்டணம்தான், உங்களுக்கு எட்டு ஆகிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். நாள் முடிந்தும் புதுப்பிக்காமல், பெட்டிக்குள் துப்பாக்கி தூங்கிக்கொண்டிருந்தால் அன்றிலிருந்து வில்லங்கம். கைபேசியில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

கடையில் 4473 என்ற படிவம் நிரப்பச் சொல்வார்கள். லைசென்ஸையும் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எண்ணையும் கொண்டுபோங்கள். 2015-இல் நானும் ஹெச்-1பிதான். முதலில் போன கடையில் கல்லாவில் இருந்த பையனுக்கு இந்த விதிவிலக்கே தெரியவில்லை, "உங்களுக்கு விற்க முடியாது" என்று அனுப்பிவிட்டான். அவனிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்று இரண்டாவது கடைக்குப் போனேன், அங்கே பத்து நிமிட வேலை. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. விண்ணப்பம் நடுவழியில் இருந்தால் மட்டும் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டேக், அதாவது ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, குலுக்கல் முறையில் வருவது. அக்டோபர் முதல் பாதியிலேயே விண்ணப்பம் போட வேண்டும். துப்பாக்கியை யோசித்துக்கொண்டே இருந்து இதை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2018-இல் விட்டவன் நானே.

20 செப்டம்பர் 2023

"ஹாவெலீனா பன்றியா இல்லையா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. பார்த்தால் பன்றி, உறவு தூரம். நம்மூர்ப் பன்றியின் வம்சமும் இதன் வம்சமும் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போனவை. இது பெக்கரி என்ற அமெரிக்கக் குடும்பம். பின்னங்காலில் பன்றிக்கு நான்கு விரல், இதற்கு மூன்று. பன்றியின் கோரைப்பல் வெளியே வளைந்து வரும், இதன் பல் நேராகக் கீழே இறங்கி மேலும் கீழும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். கத்தி மாதிரி இருக்கும். வால் இருப்பதே தெரியாது. முள்ளம்பன்றியைப் பன்றி என்கிறோமே, அது எலிக் கூட்டம்தானே. அப்படி ஒரு பெயர்க் குழப்பம்.

"பன்றி இல்லை என்றால் நாங்கள் சாப்பிடலாமா?" என்று நெவார்க்கிலிருந்து எழுதிய பாய்க்கு: பன்றி இல்லை என்பது விலங்கியல்காரர்கள் பேச்சு. ஆகுமா ஆகாதா என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். ரைபிள் பற்றிக் கேட்டால் சொல்வேன், இதில் நான் வாய் திறக்க மாட்டேன்.

24 செப்டம்பர் 2023

ஞாயிற்றுக்கிழமை. சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும். 223 ரெமிங்டனின் 55 கிரெயின் குண்டு மூன்றரை கிராம், அரைப் பவுன்கூட இல்லை. 243 வின்செஸ்டரின் 100 கிரெயின் ஆறரை கிராம், முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. 308-இன் 150 கிரெயின் ஏறத்தாழ ஒன்றேகால் பவுன், அதை நொடிக்கு 2,800 அடி வேகத்தில் தள்ளுகிறது. எதிரே நிற்பதோ 40 பவுண்டு, அதாவது 18 கிலோ உருப்படி. ஓர் இளங்கிடாய் எடை.

2016-இல் என் முதல் ஹாவெலீனாவை 308-ஆல் சுட்டேன். அறுபது கஜம். கள்ளிப் புதருக்கும் பாறைக்கும் நடுவே பக்கவாட்டில் நின்றது. முன்சப்பை மேல் குறிவைத்தேன், அதே இடத்தில் விழுந்தது, நின்ற இடத்திலேயே சாய்ந்தது. பெருமையாகப் படம்கூட எடுத்துக்கொண்டேன். தோலை உரித்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. இரண்டு சப்பையும் கருஞ்சிவப்பாகக் கொழகொழவென்று, ரத்தம் கட்டிய ஜெல்லி மாதிரி. எலும்புச் சில்லு சுண்டைக்காய் விதை போலக் கறிக்குள் தூவிக் கிடந்தது. முன்பக்கம் முழுக்கக் காட்டுக்கே விட்டுவிட்டு வந்தேன். சிறிய உடம்பு, அதில் முன் பாதி போனால் என்ன மிஞ்சும்? இரண்டு தொடையும் முதுகுக் கறியும்தான்.

அடுத்த வருடம் 243. உதை 308-இல் ஏறக்குறையப் பாதி. 1955-இல் வந்த பழைய தோட்டா, எந்தக் கடையிலும் கிடைக்கும். நீங்கள் சொன்ன "மானுக்கும் ஆகும்" என்ற கணக்கும் இதில் சரிவரும். இங்கே இருக்கும் கூஸ் மான் சின்ன ரகம், 243 தாராளமாகப் போதும்.

30-30 லீவர் ரைபிள் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. 1895-இல் வந்த தோட்டா. புதருக்குள் நூறு கஜத்துக்குள் சுடுகிறவர்களுக்கு அருமையான துப்பாக்கி, வேகம் குறைவு என்பதால் கறியும் அவ்வளவாகக் கெடாது. எனக்கு ஒன்று வாங்க ஆசைதான். வீட்டில் அனுமதி இல்லை.

25 செப்டம்பர் 2023

டெக்சாஸ் நண்பர் "223 போதும், 243 எதற்கு?" என்கிறார். அவர் ஊரில் மக்காச்சோளம் கொட்டி வைத்து, மறைவிடத்தில் உட்கார்ந்து, எழுபது கஜத்தில் சுடுவார்கள். அரிசோனாவில் தீனி போட்டு வரவழைத்துச் சுடக் கூடாது. மலைக்கு மலை தேடிப் போக வேண்டும், இருநூறு கஜத்திலும் சுட நேரும், காற்றும் அடிக்கும்.

25 செப்டம்பர் 2023, இரவு

மதியம் எழுதியதில் ஒரு திருத்தம். பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். இதுவரை நானும் என் கூட்டாளியும் சேர்ந்து சுட்ட ஒன்பதில் ஏழு 120 கஜத்துக்குள்தான். இருநூறு என்று நான் சொன்னது வாய்ச்சவடால். டெக்சாஸ்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே 223 இருக்கிறவர் அதை வைத்தே போகலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை.

308 மேல் பழி போட்டதும் பாதிதான் சரி. சப்பை எலும்பில் குறிவைத்தது நான். சப்பைக்கு ஒட்டினாற்போல் பின்னால், விலாவில் விட்டிருந்தால் 308-ஆலும் இவ்வளவு நாசமாகியிருக்காது. இருபது முப்பது கஜம் ஓடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். வேகமான 223 குண்டு சப்பையில் பட்டாலும் இதே ஜெல்லிதான்.

26 அக்டோபர் 2023

செடோனா பக்கம் கோல்ஃப் மைதானத்தை ஹாவெலீனாக் கூட்டம் உழுது போட்ட வீடியோவை இந்த வாரம் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். புல்லுக்கு அடியில் புழு தேடியிருக்கின்றன. எங்கள் தெருவில் ஹாலோவீனுக்கு வைத்த பூசணிக்காய் ஒரு இரவுக்குமேல் தாங்காது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் விதையும் குளம்படியும்தான்.

"அப்போ வீட்டு வாசலிலேயே சுட்டுவிடலாமே" என்று கேட்ட நண்பருக்கு: ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து கால் மைலுக்குள், அவர்கள் அனுமதி இல்லாமல், வேட்டைக்குச் சுடக் கூடாது. பூசணி போனால் போகட்டும்.

14 நவம்பர் 2023

நாற்றம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று.

முதுகில், வாலுக்கு ஒரு சாண் மேலே, மயிருக்குள் மறைந்து ஒரு சுரப்பி இருக்கிறது. கொப்பூழ் மாதிரித் தெரியும். அதிலிருந்து வடியும் எண்ணெய்தான் அந்த வாடை. ஒன்றின் சுரப்பியில் இன்னொன்று கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளும், கூட்டத்துக்குள் அடையாளம் அதுதான். கண் பார்வை மந்தம், மோப்பம் அபாரம், அதனால் எல்லாமே மூக்குக் கணக்கு. காற்று நம் பக்கம் அடித்தால் அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே வாடை வந்துவிடும். எனக்கு அது நனைந்த கம்பளியும் பழைய புனுகும் கலந்த மாதிரி இருக்கும். கூட்டாளி அதை ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் இங்கத்திய விலங்கு) வாடை என்கிறார்.

அந்தச் சுரப்பியை முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், 2016-இல் அப்படியே செய்தேன். கத்தி அதில் பட்டது, அதே கத்தியால் தொடையை அறுத்தேன், அதே கையுறையால் கறியைத் தூக்கினேன். வீட்டில் குக்கரைத் திறந்ததும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைத் திறந்தாள். பிறகு குக்கரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அந்த கேஸ்கட் மாற்றும்வரை சாம்பாரில்கூட அந்த வாடை வந்தது.

வெட்டவே கூடாது. அது தோலில் இருக்கிறது, கறியில் இல்லை. தோலை ஒழுங்காக உரித்தால் தோலோடு வந்துவிடும். அதன் மேல் கை வைக்காமல் இருந்தாலே போதும். இப்போது நான் செய்வது: இரண்டு ஜோடி கையுறை, இரண்டு கத்தி. ஒரு ஜோடியும் ஒரு கத்தியும் தோலுக்கு மட்டும். தோல் இறங்கியதும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை எடுப்பேன். மயிர் கறியில் ஒட்டினால் அதுவும் வாடைதான், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். உரித்த உடனே சூடு இறங்க வேண்டும். பிப்ரவரி என்றாலும் டூசான் மதிய வெயிலை நம்ப முடியாது. வண்டியில் ஐஸ் பெட்டி இல்லாமல் போகவே வேண்டாம்.

"நாய்கூட மோந்து பார்க்காது" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரரிடம், மத்தியானம் வரை அதை டிரக்கின் பின்னால் வெயிலில் தோலோடு போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

3 டிசம்பர் 2023

குலுக்கலில் தம்பிக்கு டேக் வந்துவிட்டது. 36பி என்ற வேட்டைப் பகுதி, அரிவாக்கா ஊர்ப் பக்கம். எனக்கும் அங்கேயே. வாழ்த்துகள் போதும், இப்போது ரைபிள் பற்றி நான் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம்.

எந்தத் தோட்டா என்று இவ்வளவு அடித்துக்கொண்டோமே, கட்டையின் நீளத்தை யாரும் கேட்கவில்லை. ட்ரிகரிலிருந்து தோளில் அண்டும் முனை வரை கடைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி ஆளுக்கு அடித்த சட்டை அது. நான் ஐந்தடி நாலு அங்குலம். ஏழு வருடம் கழுத்தைக் கோழி மாதிரி நீட்டிக்கொண்டு ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் இருக்கும், குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்த்தேன், சுடத் தெரியவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். 308 உதைத்து ஸ்கோப் விளிம்பு புருவத்தில் வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

போன வருடம் மகளுக்காக ஒரு காம்பாக்ட் 243 வாங்கினேன். கட்டை 12.5 அங்குலம். பயிற்சி வகுப்பெல்லாம் முடித்தாள், சிறுவர்களுக்கான வேட்டைக்கு டேக்கும் எடுத்தேன், கிளம்புகிற வாரத்தில் "அப்பா, நான் சைவம்" என்றாள். அத்தோடு முடிந்தது. துப்பாக்கி சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். தோளில் வைத்ததும் கண் தானாக ஸ்கோப்புக்கு நேரே வந்தது. நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள். பெட்டியில் 'யூத்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் அந்த அளவுதான்.

கடையில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். திறந்தால் ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கருநிழல் விழுந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு இல்லை.

5 டிசம்பர் 2023

நான் இவ்வளவு எழுதியும் தம்பி வாங்கியது 6.5 கிரீட்மோர். தள்ளுபடியாம். கட்டை மட்டும் காம்பாக்ட். சரி, பாதியாவது கேட்டார்.

6 டிசம்பர் 2023

6.5 கிரீட்மோர் மோசமா என்று தனியாகக் கேட்டிருந்தார், பாவம். மோசமில்லை தம்பி. 2007-இல் வந்தது, தூரத்துக் குறிக்குப் பெயர் போனது, உதை 308-ஐ விடக் குறைவு. ஹாவெலீனாவுக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. விலாவில் வையுங்கள், சப்பையில் வேண்டாம்.

முதலில் 100 கிரெயின் என்று சொல்லியிருந்தேனே, அதில் ஒரு மாற்றம். இரண்டு வருடமாக நான் 80 கிரெயின் செம்புக் குண்டுதான் போடுகிறேன். ஈயக் குண்டு உடம்புக்குள் பொடியாகச் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துகளும் கறியில் தங்கும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் அது தேவையா? கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. அரிசோனாவில் அப்படித் தடை இல்லை, வடக்கே காண்டர் கழுகு இருக்கும் பகுதிகளில் மட்டும் செம்பு போடும்படி கேட்டுக்கொள்கிறார்கள். செம்புக்கு விலை கூடுதல். வருடத்துக்கு ஒரு பெட்டி, போகட்டும்.

21 ஜனவரி 2024

ரேஞ்சில் தம்பியோடு அரை நாள். நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருத்தினோம், இருநூறில் ஏறக்குறைய நேராக வரும். மேஜை மேல் வைத்துச் சுட்டபோது நன்றாகச் சுட்டார். தரையில் உட்கார்ந்து, முதுகுப் பையை முட்டுக்கொடுத்துச் சுடச் சொன்னேன். நாலில் இரண்டு காகிதத்திலேயே இல்லை. காட்டில் மேஜை கிடையாது, இதைத்தான் பழக வேண்டும். பெட்டியில் மீதியிருந்த பன்னிரண்டையும் தரையில் உட்கார்ந்தே சுட்டு முடித்தோம்.

இன்னொன்று, துப்பாக்கியை விட பைனாகுலருக்கு அதிகம் செலவழியுங்கள். 10x42, முக்காலி மேல். ஹாவெலீனா உடம்பில் கொழுப்பு இல்லை, குளிர் தாங்காது. விடியற்காலை பள்ளத்தில் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்து, வெயில் விழும் சரிவுக்கு ஏறி வரும். நாமும் எதிர்ச் சரிவில் உட்கார்ந்து வெயில் இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாறை என்று நினைத்தது நகரும்.

தின்பது சப்பாத்திக்கள்ளி. முள்ளோடு. தண்ணீரும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. கடித்துக் கிழித்த கள்ளி மடல் பச்சையாக ஈரம் காயாமல் இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான். கள்ளியைப் பார்த்தால் எனக்குப் போடி பாதையோரம் ஞாபகம் வரும். அதுவும் இங்கிருந்து நம்மூருக்கு வந்த சரக்குதான். 1795-இல், கள்ளியில் வளர்ந்து சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தது தவறான இனம். சாயம் உருப்படவில்லை, பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. ஹாவெலீனாவையும் சேர்த்து அனுப்பியிருந்தால் பூச்சி தேவைப்பட்டிருக்காது.

26 பிப்ரவரி 2024

போய் வந்தோம். சனிக்கிழமை விடியும் முன் அரிவாக்கா தாண்டி மண் சாலையில் வண்டியை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நடை. ஏழேகால் வரை ஒன்றும் இல்லை. வெயில் எதிர்ச் சரிவின் பாதிக்கு இறங்கியபோது ஒக்கோட்டியோ புதருக்குக் கீழே ஒரு காது ஆடியது. எண்ணினோம்: பதினொன்று, அதில் இரண்டு செங்குட்டி. குட்டி பின்னாலேயே திரியும் பெண்ணைச் சுடுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். வருடம் முழுக்க ஈனும் விலங்கு, எப்போது போனாலும் குட்டி இருக்கும், ஆகவே பொறுமையாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

140 கஜம். தம்பி உட்கார்ந்தார், பையை முட்டுக்கொடுத்தார், நெடுநேரம் மூச்சுவிட்டார், சுட்டார். முதுகுக்கு மேலே புழுதி. என் தப்பு, சொல்ல மறந்துவிட்டேன்: முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும்போது உடம்பு ஒன்றரை மடங்கு தெரியும். பார்வைக்கு நடுவில் குறிவைத்தால் அது உடம்பின் மேல் விளிம்பு. கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்க வேண்டும்.

கூட்டம் சிதறியது. சத்தம் எங்கிருந்து என்று அவற்றுக்குத் தெரியவில்லை, பார்வை மந்தமல்லவா. ஒன்று நேரே எங்களை நோக்கியே ஏறி வந்து பதினைந்து தப்படியில் நின்று பல்லைக் கடித்தது. அம்மிக்கல் மேல் குழவியைத் தட்டுகிற சத்தம். தாக்க வருகிறது என்று தம்பி எழுந்துவிட்டார். அதற்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை. காற்று மாறியதும் "உஃப்" என்று ஒரு ஊதல், திரும்பி ஓடிவிட்டது. தோலுக்குள் என் இதயம் அடித்த சத்தம் எனக்கே கேட்டது.

அரை மணி கழித்து அதே கூட்டம், அடுத்த பள்ளத்தில், 90 கஜம். இந்தமுறை தாழ்த்தி வைத்தார், விலாவில். பத்துத் தப்படி ஓடி விழுந்தது. ஆண், வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது குடல் எடுத்து 31 பவுண்டு. தம்பி பக்கத்தில் போய் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மரக்கிளையில் தொங்கவிட்டுத் தோல் உரிக்க இருபத்தைந்து நிமிடம். சுரப்பி தோலோடு வந்தது. அவருக்குக் காட்டினேன், தொட விடவில்லை. நான் பின்னால் நகர்ந்து, பட்டால் துண்டாக உடைந்து முள்ளோடு ஒட்டிக்கொள்ளும் சோயா (cholla) என்ற கள்ளி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குத்தான் பையில் சீப்பு வைத்துக்கொள்ளச் சொல்வது. கையால் பிடுங்கினால் கையில் ஒட்டிக்கொள்ளும், சீப்பைக் கொடுத்து நெம்ப வேண்டும். நெம்பியவர் தம்பி. விவரம் போதும்.

எனக்கு இந்த வருடம் ஒன்றும் இல்லை.

2 மார்ச் 2024

சமையல். எலும்பு நீக்கி 11 பவுண்டு, ஐந்து கிலோ கறி. கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, கறி ஆட்டுக்கும் முயலுக்கும் நடுவில் இருக்கும், நிறம் மட்டும் ஆட்டை விட வெளுப்பு. பன்றிக்கறி மாதிரி தன் நெய்யிலேயே வதங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சட்டியில் ஒட்டும்.

மேலே கிடக்கும் வெள்ளைச் சவ்வை முழுக்க உரித்துவிட வேண்டும். கொழுப்புத் துணுக்கு இருந்தால் அதையும். மிச்ச வாடை அதில்தான். பிறகு உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஃபிரிட்ஜில். தயிரில் ஊற வைப்பேன் என்று சென்ற வருடம் எங்கோ எழுதியிருந்தேன். அதை மறந்துவிடுங்கள், தயிர் புளிப்பு இந்தக் கறிக்குச் சேரவில்லை.

தொடைக்கறியை வறுவலாகச் செய்தேன். நல்லெண்ணெய் தாராளமாக, ஊரில் ஊற்றுவதை விட இரண்டு மடங்கு. சோம்பு, பட்டை, கல்பாசி தாளித்து, சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய முழுதாகவே போட்டு, இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை. மஞ்சள், மல்லித் தூள், கறி, உப்பு. தண்ணீர் அரை டம்ளர், குக்கரில் ஏழு விசில். திறந்து, இரும்புச் சட்டிக்கு மாற்றி, தேங்காய்ப் பல்லும் இடித்த மிளகும் போட்டுச் சுண்ட வைக்க வேண்டும். மிளகாய்க்கு இங்கே கிடைக்கும் சில்டெப்பின் போட்டேன். மிளகு அளவே இருக்கும் காட்டு மிளகாய், தெற்கே டுமகாகோரி மலைகளில் தானாக விளைவது. கடித்ததும் சுர்ரென்று ஏறி, பாட்டி "எங்கே வலிச்சுது?" என்று கேட்கும் முன்பே இறங்கிவிடும். நம் காந்தாரிக்குச் சின்னத் தங்கச்சி.

குக்கரைத் திறக்கும்போது என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. ஆவி அடங்கியதும் ஒரு துண்டு எடுத்து முகர்ந்தாள், தின்றாள், இன்னொன்று எடுத்தாள். "கேஸ்கட் தப்பிச்சுது" என்றாள். மகள் பருப்பு சாதம்.

3 மார்ச் 2024

"காட்டுக் கறியில் கிருமி இருக்காதா?" என்று மருத்துவ அக்கா கேட்டது சரியான கேள்வி. காட்டு விலங்கு, கிருமி உண்டு, அரைவேக்காடு கூடாது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். குக்கரில் இது பிரச்சினையே இல்லை, முதுகுக் கறியைத் தணலில் சுடுகிறவர்கள்தான் தெர்மாமீட்டர் குத்திப் பார்க்க வேண்டும். "ஃபிரீசரில் ஒரு மாதம் வைத்துவிட்டேன், புழு செத்திருக்கும்" என்று நம்பாதீர்கள், காட்டு விலங்கில் இருக்கும் சில வகைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

தணல் என்றதும்: இங்கே எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் மெஸ்கீட் கரி வேறொன்றுமில்லை, நம் வேலிக்காத்தானின் ஒன்றுவிட்ட சகோதரம். ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டு எரிப்பார்களே, அதே சீமைக்கருவேலக் குடும்பம். இங்கே சின்னப் பையில் அடைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

19 மார்ச் 2024

தம்பி தன் பங்கில் சொரிசோ (மெக்சிகோ பாணி மசாலாக் கொத்துக்கறி) செய்து கொண்டுவந்து கொடுத்தார். கறியோடு கடைப் பன்றிக் கொழுப்பு கால் பங்கு, காய்ந்த சிவப்பு மிளகாய், வினிகர், பூண்டு, சீரகம். முட்டையில் கொத்திப் போட்டால் இட்லிக்குக்கூடத் தொட்டுக்கொள்ளலாம். என் வறுவலை விட இது ஒரு படி மேல் என்று இங்கே எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

தோலை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: பெக்கரித் தோல் கையுறை உயர்ந்த சரக்கு, மயிர்க்கால் மும்மூன்றாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும், பார்த்தாலே தெரியும். நான் ஒருமுறை உப்புப் போட்டுப் பதப்படுத்திப் பார்த்தேன். கேரேஜை மூன்று வாரம் திறக்க முடியவில்லை. தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

12 ஜனவரி 2025

புதிதாக வருகிறவர்கள் மறுபடி மறுபடி 243-ஆ 308-ஆ என்றே கேட்கிறார்கள். மேலே டிசம்பர் 3 குறிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், தோளில் வைத்துப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

தம்பிக்கு இந்த முறை டேக் வரவில்லை, எனக்கு வந்திருக்கிறது. ஐஸ் பெட்டி தூக்க வருகிறேன் என்று அவரே சொன்னார். லைசென்ஸை நவம்பரிலேயே புதுப்பித்துவிட்டாராம்.

9 மார்ச் 2025

ஒரு பெண், 110 கஜம், 243, விலாவில். குட்டி இல்லாதது.

ஏழு விசில் என்று எழுதியதைத் திருத்துகிறேன். இது இளசு, ஐந்திலேயே நார் நாராகப் பிரிந்துவிட்டது. போன வருடம் மாதிரி முற்றிய ஆணுக்குத்தான் ஏழு, முன்சப்பைக்கு இன்னும் ஒன்று.